இரட்டைத்தலைக் கட்டை

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, காலை மடக்கி நெருங்கி உட்காருங்கள். ஒரு கதை சொல்கிறேன். சிரிக்கிற இடமெல்லாம் முன்பாதியிலேயே வந்துவிடும். வரும்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு சலூன்காரன் இருந்தான். எல்லோரும் அவனைக் கத்தரி என்றே கூப்பிட்டார்கள். வழுக்கை விழுந்த தலையில் மிஞ்சிய நாலு முடியை இங்கிருந்து இழுத்து அங்கே வாரி, ஆளைப் புதுமாப்பிள்ளையாக்கி அனுப்புவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தாயில்லாமல் போன அவனைத் தூக்கி வளர்த்தவள் அக்கா. அவள் வீடு மலைச்சரிவின் அடியில் இருந்தது. சரிவு முழுக்கத் தைலமரத் தோப்பு.

ஒரு கோடையில் தோப்புக்காரர்கள் மரங்களை வெட்டி லாரியில் ஏற்றிப் போனார்கள். அடிக்கட்டைகள் மட்டும் நின்றன. தைலமரத்துக்கு மண்ணையொட்டி ஒரு வீக்கம் இருக்கும், கிழங்கு என்பார்கள். வெட்டினாலும் கொளுத்தினாலும் உயிர் அதற்குள் பதுங்கிக்கொண்டு மறுபடி துளிர்க்கும். அந்தக் கிழங்கைத் தோண்டி, ஆழமாக இறங்கும் தடித்த வேரை அறுத்துவிட்டு, சல்லிவேரைக் காப்பாற்றி, ஈரச்சாக்கில் சுற்றி வந்து, பருமணல் போட்ட தட்டில் நட்டால் போன்சாய். முழ உயரத்தில் ஒரு கிழட்டு மரம்.

கத்தரிக்கு இது பித்தாகவே பிடித்துவிட்டது. மொட்டைக் கிழங்கில் சிவப்பாகத் துளிர் வெடிப்பதைப் பார்த்தால் கை பரபரக்கும். ஆனாலும் முதல் பருவத்தில் தொடமாட்டான். எல்லாத் துளிரையும் ஒரேயடியாகக் கிள்ளினால் அது பொறுக்காது, பட்டுப்போகும்.

அக்கா புருஷனுக்குப் பட்டறை வேலை, பளபளவென்று வழுக்கை. "உசுரோட இருக்கிறவன் தலையைக் கெடுத்தது பத்தலையா மாப்ளே? மரத்துக்கும் கிராப்பா?" என்பார்.

"மரம் உங்களை மாதிரி இல்ல மாமா. வெட்டுனா திரும்ப முளைக்கும்."

அக்கா சிரிப்பை அடக்கமாட்டாமல் அடுப்படிக்குள் போய்விடுவாள்.

அந்த அடுப்படிச் சன்னலுக்கு நேர் மேலே, செங்குத்தான மண்மேட்டில் ஒரு கட்டை இருந்தது. கிழங்கு இரண்டு தலையாகப் பிரிந்து, கன்னத்தோடு கன்னம் வைத்த மாதிரி. அப்படி ஒன்று ஆயிரத்தில் கிடைக்காது. போன்சாய்க் கண்காட்சி ஒன்று வரப்போகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து அவனுக்கு அதே நினைப்பு.

"மலை முழுக்கத் தோண்டிக்கோ, நான் கேட்கலை. ரெட்டைத்தலையை மட்டும் தொடாதடா. அந்த மண்ணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதே அதுதான்" என்றாள் அக்கா.

"செத்த கட்டைதான்க்கா அது."

"செத்ததோ இருக்கோ, கிடந்துட்டுப் போகுது. தொடாத."

தலையாட்டினான். ஆசை வெட்கம் அறியாது கண்ணுகளா. அக்கா ஊராருக்கு இஸ்திரி போட்ட துணிகளைக் கொடுக்கப் போயிருந்த ஒரு காலையில் மேட்டில் ஏறினான். மேலே இரட்டையாக ஒட்டி நீட்டிக்கொண்டிருந்த காய்ந்த கட்டையை ரம்பத்தால் தனியாக அறுத்து வைத்தான். கிழங்கைப் பெயர்த்தான். பானை கொள்ளும் குழி வாய் பிளந்தது. அப்புறம் அவனுடைய தொழில்புத்தி வேலை செய்தது. குழியில் உதிரி மண்ணை அள்ளிப் போட்டு மிதித்தான். அறுத்த கட்டையைப் பழைய இடத்திலேயே நட்டான். சுற்றிலும் சருகை இழுத்து வாரிவிட்டான். இறங்கி வந்து சன்னலோரம் நின்று பார்த்தான். வழுக்கை தெரியவில்லை.

மழை வந்தது. விட்டுவிட்டுப் பெய்தாலும் மண் குடித்துக்கொண்டே இருந்தது. சரிவுக்கு அடியில் இருந்தவர்கள் பள்ளிக்கூடத்துக்கு இடம் மாறினார்கள். மாமா பட்டறைக்குப் போயிருந்த பகலில், ஒருவர் முகத்தில் சோப்பு நுரையைப் பூசி முடித்த கத்தரி அக்காவுக்குப் போன் போட்டான்.

"நீ கிளம்பி இங்க வந்துடுக்கா."

"எதுக்கு? நானும் பயந்துதான் கிடந்தேன். சன்னல்ல பார்த்துக்கிட்டே இருக்கேன், ரெட்டைத்தலை அசையாம நிக்குது. அது நிக்கிற வரைக்கும் எனக்கென்ன?"

கத்தரி சோப்புப் பிரஷைக் கீழே வைத்தான்.

"அக்கா..."

"சொல்லுடா."

"மழை வலுக்குது. வந்துடேன்."

"துணி பாதி தேச்சது பாதி தேய்க்காததுமா கிடக்கு. முடிச்சுட்டுப் பார்க்கிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு."

"சரி" என்றான்.

ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லவேண்டியிருந்தது. அதைச் சொன்னால் அக்கா முகம் எப்படிப் போகும் என்பதுதான் அந்த நேரத்தில் அவனுக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஒரு பக்கக் கன்னத்தை வழித்தான். மறு கன்னத்துக்குப் போகாமல் கத்தியைக் கீழே வைத்தான். சொல்லிவிடுவது என்று முடிவுகட்டி மறுபடி போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்து பாதியில் அறுந்துவிட்டது. நுரையோடு இருந்தவரை நாற்காலியிலேயே விட்டுவிட்டு ஓடினான்.

மேடு சன்னல் வழியாக அடுப்படிக்குள் இறங்கியிருந்தது. முன்னறையும் வாசலும் ஒரு கீறல் இல்லாமல் நின்றன. எல்லோருமாகத் தோண்டினார்கள். அக்காவை எடுத்தபோது அவள் கையில் இஸ்திரிப் பெட்டியின் பிடி இருந்தது.

சேற்றிலிருந்து மாமா ஒரு கட்டையை இழுத்துப் போட்டார். திரும்பவும் எடுத்துப் புரட்டினார். வேர் இருக்கவேண்டிய இடம் பலகை மாதிரித் தட்டையாக இருந்தது, ரம்பப் பல்லின் கோடுகளோடு.

"இது எப்போ மாப்ளே?"

"மழைக்கு முன்னாடி மாமா."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"இன்னைக்குப் போன்ல பேசினேன்னு சொன்னியே. அப்பவும் சொல்லலையா?"

"சொல்லலை மாமா" என்றான் கத்தரி. மாமா அடிக்கவில்லை, ஏசவில்லை. அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மண்ணை அள்ள ஆரம்பித்தார்.

கண்காட்சி வந்து போனது. தட்டில் இருந்த கிழங்கு இரண்டு தலையிலும் செக்கச்செவேலென்று துளிர்த்துக்கொண்டது. ஒருநாள் கத்தரி அதை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு சரிவுக்குப் போனான். இடிந்த சுவரில் செங்கல் பொறுக்கிக்கொண்டிருந்த மாமா நிமிர்ந்தார்.

"பழைய இடத்துலயே வெச்சுடறேன் மாமா."

"இனி எதைப் பிடிச்சு நிறுத்த? எடுத்துட்டுப் போ."

"மாமா..."

"எடுத்துட்டுப் போ மாப்ளே. நீயும் போ."

போனான். கை கடுத்தாலும் வழியில் அதை எங்கேயும் இறக்கி வைக்கவில்லை.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டுச் சுவரெல்லாம் நின்று நிலைக்கட்டும். பயந்து கேட்கிறவர்களுக்கு மறைக்காமல் பதில் சொல்லும் வாய் அந்த வீட்டில் ஒன்றாவது இருக்கட்டும். வாசலைத் தாண்டிப் போனவர்கள் எல்லோரும் பொழுது சாய்வதற்குள் வந்து சேரட்டும். நன்றாயிருங்கள்.