தூசிக்கு மூலை கிடையாது

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. எட்டி நிற்பவர்களுக்குக் கேட்காதபடி மெல்லச் சொல்ல வேண்டிய கதை. பேயும் இல்லை, ராஜாவும் இல்லை. ஒரு பெண்ணின் கையில் தீப்பெட்டி அளவுக்குச் சிவந்து கிடந்த ஒரு சதுரம், அவ்வளவுதான். சொல்லி முடிக்கும்வரை எழுந்து போகாதீர்கள். போகும்போது உங்கள் வீட்டுக்கென்று ஒன்று வைத்திருக்கிறேன்.

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை. மாரிகுப்பத்தில், சுரங்கக்காரர்களுக்குக் கட்டின லைன் வீட்டு வாசலில் எலைன் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போர்வையைக் கம்பிமேல் வீசக் கையைத் தூக்கியபோது நைட்டியின் கை சரிந்து தோள் வரைக்கும் போனது. உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்த அவள் அப்பா ஹரோல்ட் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தார். மேல்கையில் ஒரு சிவப்புச் சதுரம். நடுவில் பொடிப்பொடியாக நீர்க்கொப்புளம். அதற்குக் கீழே பழுப்பாகிப்போன இன்னொரு சதுரம். அவர் தொடவில்லை. விரலைத் தோலுக்கு ஒரு நூல் மேலே நிறுத்தி நாலு மூலையையும் சுற்றி வந்தார்.

எலைனுக்கு ஒன்பது வயதிலிருந்து சர்க்கரை. வயதானவர்களுக்கு வந்து மாத்திரையில் அடங்குகிற சர்க்கரை இல்லை. உடம்பில் இன்சுலினே சுரக்காத சர்க்கரை. இருபத்துமூன்று வருடம் தினமும் நாலு ஊசி போட்டுக்கொண்டவள். ரயிலிலும் போட்டுக்கொள்வாள், கல்யாண வீட்டுக் கக்கூஸிலும் போட்டுக்கொள்வாள். இரண்டு வருடத்துக்கு முன்னால்தான் பம்ப் வந்தது. உடம்பில் ஒட்டிக்கொள்கிற சின்னப் பெட்டி. அடியில் சதுரமாக ஒரு ஒட்டு, அதன் வழியாக உள்ளே போகிற மயிரளவு குழாய். நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக இன்சுலின் விடும். மூன்று நாளைக்கு ஒருமுறை பிய்த்துவிட்டு வேறிடத்தில் புதிதாக ஒட்ட வேண்டும். ஒயிட்ஃபீல்டில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ரிசப்ஷன் வேலை. பம்ப் வந்த பிறகுதான் காலை ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தால் கண்ணை மூடித் தூங்க ஆரம்பித்தாள். சர்க்கரை இறங்கி எழுந்திருக்காமலே போய்விடுவோமோ என்ற பயம் அதுவரை அவளைத் தூங்க விட்டதில்லை.

ஹரோல்டுக்கு அந்தப் பெட்டியைப் பற்றி யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஊர்த் தங்கச் சுரங்கத்தை மூடிப் பம்பை நிறுத்தியதும் ஷாஃப்ட் குழி முழுக்கத் தண்ணீர் ஏறியதைப் பார்த்தவர். பம்ப் நின்றால் லெவல் ஏறும், நிற்க விடாதே என்று மட்டும் மகளிடம் சொன்னார். சாப்பிட்டாயா என்று கேட்கிற மாதிரி, பம்ப் ஓடுதா என்று தினமும் கேட்பார்.

அதை முதன்முதலில் எலைனின் வயிற்றில் ஒட்டியவள் கரோலின். பக்கத்து லைனில் பிறந்து வளர்ந்தவள். ஐந்தாம் வகுப்பிலிருந்து தன் பையில் எலைனுக்காகக் குளுக்கோஸ் பொட்டலம் சுமந்தவள். ஒருநாள் பள்ளிக்கூடத்துப் பாத்ரூமில் எலைன் மயங்கிக் கிடந்தபோது கதவின் அடிச்சந்தில் புகுந்துபோய் அவள் வாயில் சர்க்கரையைத் திணித்ததும் கரோலின்தான். பிறகு நர்ஸுக்குப் படித்து, பம்ப் விற்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்து, கோலார் ஜில்லா முழுக்க வீடு வீடாகப் போய்ப் பழக்கிக்கொடுக்கிற வேலையில் இருந்தாள். முதல் பம்ப் ஒட்டின அன்று இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். கிறிஸ்துமஸுக்குக் குல்குல் பலகாரம் செய்யும்போது எலைனுக்கென்று சர்க்கரை போடாமல் தனி டப்பா எடுத்துவைப்பாள். இத்தனை வருடத்தில் அது தவறியதே இல்லை.

அதனால் அரிப்பு ஆரம்பித்ததும் எலைன் கரோலினைத்தான் கூப்பிட்டாள். அவள் வந்து பார்த்தாள். சதுரத்தின் ஓரத்தை ஒரு தடவை விரலால் தொட்டாள். பிறகு ஜன்னல் வழியே, லைனுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் படுத்திருக்கும் சயனைட் மேட்டைக் காட்டினாள்.

"காத்து மாசம் ஆரம்பிச்சிடுச்சில்ல. அந்தத் தூசிதான். ஒனக்குத் தோலு மெலிசு வேற."

வேறு ஊரில் பிறந்தவள் இதைச் சொல்லியிருந்தால் எலைன் ரெண்டு கேள்வி கேட்டிருப்பாள். எங்கள் ஊரில் கேட்க மாட்டோம். குழந்தைக்குத் தொடையில் தடிப்பு வந்தாலும் சயனைட், மருமகளுக்கு முடி கொட்டினாலும் சயனைட். சயனைட் போட்டுத் தங்கத்தைப் பிரித்தெடுத்துவிட்டு மண்ணை எங்கள் வாசலில் கொட்டிப் போனார்கள். காற்று அடிக்கிற மாதங்களில் அது சோற்றிலும் விழும், கண்ணிலும் விழும். ஒன்றரை வருடம் ஒன்றும் செய்யாத பம்ப் இப்போது மட்டும் ஏன் செய்யப்போகிறது? எலைனுக்கு அது சரியாகவே பட்டது. உண்மையைச் சொன்னால், அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஜெபமே பண்ணினாள். பம்ப் காரணமென்றால் பம்பைக் கழற்ற வேண்டுமே.

துணிக்கம்பி அருகே நின்றுகொண்டு ஹரோல்ட் சொன்னது வேறு. முப்பது வருடம் சயனைட் ஹவுஸில் வேலை பார்த்த மனிதர். அந்தச் சொறியைத் தன் உடம்பிலும் பார்த்தவர், கூட வேலை செய்தவர்கள் உடம்பிலும் பார்த்தவர்.

"தூசி வேர்வையத் தேடிக்கினு போவும்மா. கழுத்து மடிப்பு, முழங்கை மடிப்பு, வெரலு சந்து. இது ஸ்கேல் வச்சி கோடு போட்டாப்பல கீது. தூசிக்கு ஏது மூலை?"

எலைன் கிளிப்பைக் கம்பியில் சொருகிக்கொண்டே, அவருக்கு அந்த மண்ணை விட்டுக்கொடுக்க மனசு வராது என்றாள். மகளை விட்டுக்கொடுத்தாலும் கொடுப்பாரே தவிர மண்ணை விடமாட்டார் என்றும் சொன்னாள். அவள் அம்மா போய் ஆறு வருடமாகியிருந்தது. நடுவில் நின்று தடுக்க வீட்டில் ஆளில்லை. ஹரோல்ட் உள்ளே போய் ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து, பார்சல் ஒட்டுகிற பழுப்பு டேப் நாலு சுருளோடு கரோலின் வந்தாள். ஜன்னல் இடுக்குகளை எல்லாம் அடைத்துவிடலாம் என்று அவளேதான் ஸ்டூல் மேல் ஏறினாள். மூன்று ஜன்னல், பின்கதவு, கூரைத் தகரம் சுவரைத் தொடுகிற சந்து. எலைன் டேப்பை வெட்டி வெட்டிக் கொடுத்தாள். ஒரு கால் குட்டையான அந்த ஸ்டூலை, கரோலின் விழுந்துவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றவர் ஹரோல்ட்.

டேப் ஒட்டியும் அரிப்பு நிற்கவில்லை. வயிற்றின் இடப்பக்கம் ஆறுவதற்குள் வலப்பக்கம், அது ஆறுவதற்குள் தொடை. உடம்பே தபால் முத்திரை குத்தின கவர் மாதிரி ஆனது. கொப்புளம் உடைந்து நீர் கசிந்தால் ஒட்டின் ஓரம் தூக்கிக்கொள்ளும். குழாய் வெளியே வந்துவிடும். சர்க்கரை நானூறுக்குப் போய் ஆளை ரயிலிலேயே வாந்தி எடுக்க வைக்கும். கரோலின், தூசி சுவரிலேயே ஊறியிருக்கிறது, வீட்டை மாற்றுவதுதான் நல்லது என்றாள். ஆகஸ்டில் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மாடி அறைக்குப் போனார்கள். ஹரோல்ட் மறுப்பாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஐம்பது வருடம் இருந்த வீட்டைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, முட்டியைப் பிடித்துப் பிடித்து இருபத்திரண்டு படி ஏறினார். தினமும் காலையில் அதே படியில் இறங்கி, லெட்டர் ஏதாவது வந்திருக்குமா பார்த்து வருகிறேன் என்று மாரிகுப்பத்துக்குப் பஸ் ஏறுவார். யார் இப்போது லெட்டர் போடுகிறார்கள்? எலைனும் கேட்கவில்லை.

ராபர்ட்சன்பேட்டையிலும் சதுரம் வந்தது. உடம்பில் ஏறின சயனைட் இறங்க ஆறு மாதம் ஆகும் என்றாள் கரோலின்.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை, பெண்கள் பெட்டியில் எலைன் உட்கார்ந்திருந்தாள். மாலூரில் ஏறிய ஒரு பெண் மேல்கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினாள். சுடிதார்க் கை வழுக்கிக் கீழே வந்தது. மேல்கையில் சிவப்பாக ஒரு சதுரம், நடுவில் கொப்புளம், பக்கத்தில் பழுப்பில் இன்னொன்று. எலைன் நகர்ந்து இடம் கொடுத்து, கன்னடத்தில் மெதுவாக விசாரித்தாள். அந்தப் பெண்ணுக்கும் அதே சர்க்கரை, அதே பம்ப். எட்டு மாதமாக அரிப்பாம். உங்கள் ஊரிலும் சயனைட் மேடு இருக்கிறதா என்று எலைன் கேட்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாலூரில் எங்கே சயனைட்? செங்கல் சூளைதான் இருக்கிறது.

"இட்டிகெ தூளு அந்தெ. கரோலின் மேடம் ஹேளித்ரு."

செங்கல் தூசியாம். கரோலின் மேடம் சொன்னார்களாம்.

ஒயிட்ஃபீல்டு வந்து எல்லோரும் இறங்கினார்கள். எலைன் இறங்கவில்லை. அடுத்த ஸ்டேஷனும் தாண்டிய பிறகுதான் எழுந்தாள்.

அந்த வாரமே ஒரு தோல் டாக்டரைப் பார்த்தாள். முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன ஒட்டுகள் வைத்து, ரெண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்தார். ஒட்டின் பசைதான் என்றார். வருட ஆரம்பத்திலிருந்து வருகிற டப்பாக்களில் பசை வேறாம். அவரிடமே ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்களாம். பம்பைக் கழற்ற வேண்டியதில்லை. தோலைத் துடைத்து, ஒரு மருந்தடித்துக் காயவிட்டு, அதன்மேல் மெல்லிய பாதுகாப்புத் தாளை ஒட்டி, அந்தத் தாளின்மேல் பம்பை ஒட்டு என்றார். இழுத்துப் பிய்க்காதே, எண்ணெய் தொட்டு ஓரத்திலிருந்து உருட்டி எடு, பிறகு எண்ணெய்ப் பசை போகக் கழுவிவிடு என்றார். முதல்நாளே சொல்லியிருக்க வேண்டுமே, உங்களுக்குப் பழக்கிக்கொடுத்த நர்ஸ் சொல்லவில்லையா என்று கேட்டார். எலைன், எனக்குத்தான் மறந்துவிட்டது என்றாள்.

அப்போதும் அவள் வாயில் கரோலினைக் காட்டிக்கொடுக்க வரவில்லை பாருங்கள்.

மூன்று வாரம் பொறுத்தாள். மூன்று வாரத்தில் ஏழு முறை தாள் வைத்து ஒட்டினாள். ஏழு தடவையும் தோல் தோலாகவே இருந்தது. எட்டாவதை மேல்கையில் ஒட்டிக்கொண்டு, ஆண்டர்சன்பேட்டையில் இருக்கிற கரோலின் வீட்டுக்குப் போனாள்.

கரோலின் தரையில் பேப்பர் விரித்துக் குல்குல் உருட்டிக்கொண்டிருந்தாள். மாவை உருண்டை பிடித்து, புதுச் சீப்பின் முதுகில் அழுத்தி, வரிவரியாகச் சுருட்டி எடுப்பது. எலைனைப் பார்த்ததும் வாடீ, இந்த வருஷமாவது கை கொடு என்று நகர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் மூடி திறந்த சின்ன டப்பா. சர்க்கரை போடாதது. பாதி நிரம்பியிருந்தது.

எலைன் உட்காரவில்லை. "மாலூர்ல இன்னா தூசி கரோ?"

சீப்பு மாவிலேயே நின்றுவிட்டது. யார் சொன்னது என்று கரோலின் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட எலைனுக்கு நம்பாமல் இருக்க ஒரு வழி இருந்திருக்கும்.

கம்பெனியில் ரியாக்ஷன் என்ற வார்த்தையையே எழுதக் கூடாது என்றார்களாம். எழுதின இன்னொரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். இதை எல்லாம் மாவைப் பார்த்துத்தான் சொன்னாள். பிறகு நிமிர்ந்தாள்.

"சொல்லிருந்தா நீ கழட்டிப் போட்டுருப்ப. திரும்ப ஊசி. திரும்ப எங்கனா வுழுந்து கெடப்ப. அந்தக் கதவு சந்துல இன்னொரு தரம் என்னால பூற முடியாதுடீ."

அதில் பொய் இல்லை. அதுதான் எலைனுக்குப் பொறுக்கவில்லை. முழுப் பொய்யாக இருந்தால் திட்டிவிட்டு வந்திருக்கலாம்.

"என்னாண்ட பொய் சொன்ன. சரி. அன்னிக்கி டாடி ஸ்டூல புடிச்சிகினு நின்னாரே. நீ வுழுந்துடக் கூடாதுன்னு. அப்பவாச்சும் எறங்கி வந்து சொல்லிருக்கலாமே."

கரோலின் மாவு ஒட்டின கையை என்ன செய்வதென்று தெரியாதவள் போல மடியில் வைத்துக்கொண்டாள். அடுப்பில் எண்ணெய் புகைய ஆரம்பித்திருந்தது. எலைனே எட்டி அதை அணைத்துவிட்டு வெளியே வந்தாள்.

ராபர்ட்சன்பேட்டை அறையில் ஹரோல்ட் பல் விழுந்த சீப்பில் மிச்ச முடியை வாரிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போகலாம் டாடி என்றாள். எந்த வீட்டுக்கு என்று அவர் கேட்கவில்லை. சாவி சட்டைப்பையில்தான் இருந்தது.

மாரிகுப்பம் வீட்டுக்குள் நாலு மாதத்துக் காற்று அப்படியே நின்றிருந்தது. எலைன் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். ஹரோல்ட் பிடித்துக்கொண்டார். டேப் காய்ந்து மொரமொரவென்று உரிந்தது. இழுத்த இடத்தில் பச்சைப் பெயிண்டும் கூடவே வந்தது.

"மெதுவா. ஓரத்துலர்ந்து உருட்டு," என்றார் அவர்.

அவள் ஸ்டூலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மாலூர், டாக்டர், தாள், கரோலின். நீங்கள் சொன்னபடிதான் டாடி, தூசிக்கு மூலை இல்லை என்றாள். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. குனிந்து பார்த்தாள். அவர் ஸ்டூலின் குட்டைக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கி அந்தப் பொண்ணு காலு நடுங்கிச்சு," என்றார். "ஸ்டூல் வழியா என் கைக்கி வந்துச்சி. அப்பவே தெரியும்."

எலைன் கையில் டேப் தொங்கியது. "தெரிஞ்சா ஏன் டாடி வூட்டப் பூட்டுனீங்க?"

"ஒனக்கு கீறது அந்த ஒரே சினேகிதி." கொஞ்சம் நிறுத்தி, "நானும் போயிட்டா?" என்றார்.

அவளுக்கு அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியதா, ஸ்டூலை உதைத்துவிட்டு ஓடத் தோன்றியதா, அவளுக்கே தெரியவில்லை. தன்னைச் சுற்றி இருந்தவர்கள் அத்தனை பேரும் தனக்கு நல்லது என்று தன்னிடம் மறைத்திருக்கிறார்கள். தான் மட்டும் சொறிந்துகொண்டு கிடந்திருக்கிறாள்.

அவர் எம்பி அவள் சட்டைக் கையை மேலே தள்ளினார். பம்பின் அடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் அந்தத் தாள். விரலைத் தோலுக்கு ஒரு நூல் மேலே நிறுத்தி நாலு மூலையையும் சுற்றி வந்தார்.

"ஓரம் தூக்கல. ஓடுதா?"

அவள் கடைசி டேப்பை உரித்து ஜன்னலைத் தள்ளினாள்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் அந்த ஜன்னல் திட்டில் அந்தச் சின்னக் குல்குல் டப்பா இருந்தது. எப்போது வந்தது, யார் கொண்டுவந்து வைத்தது என்று வீட்டில் யாரும் பேசவில்லை. மூடி திறக்கப்படவில்லை, தூக்கி எறியப்படவும் இல்லை. மேட்டுப் பக்கமிருந்து காற்று வந்தபோதெல்லாம் சாம்பல் தூசி உள்ளே வந்து தரையில் விழுந்தது, ஹரோல்டின் டம்ளரில் விழுந்தது, அந்த டப்பாவின் மூடியிலும் விழுந்தது. ஓரமும் இல்லாமல், மூலையும் இல்லாமல்.

கதை அவ்வளவுதான் கண்ணுகளா. உங்களுக்கென்று வைத்திருந்தது இதோ: உங்கள் வீட்டு ஜன்னல்கள் தாராளமாகத் திறக்கட்டும். உங்கள் பிள்ளைகளின் தோல் ஆறட்டும், அவர்களைத் தாங்குகிற எதுவும் பாதியில் நிற்காமல் ஓடட்டும். உங்களுக்காக ஸ்டூல் பிடிக்கிற கைகள் நீண்ட நாள் இருக்கட்டும்; அந்தக் கைகளுக்குத் தெரிந்தது உங்கள் காதுக்கும் வந்து சேரட்டும். போய் வாருங்கள். வீட்டில் எல்லாரையும் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.