இருட்டில் வெட்டிய மூலை

எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் இராமலிங்கம் என் கொசுக்களைக் குப்பை என்றார். அதுவும் ஆய்வுக்கூடத்தில் எல்லார் முன்னாலும். தெலுக் பங்லிமா காராங் பக்கம் அலையாத்திக் காட்டில் முழங்கால் சேற்றில் நின்று நான் பிடித்து வந்த கொசுக்கள். அவற்றுக்குள் ஏதோ ஒரு ஆர்.என்.ஏ வைரஸ் இருந்தது. நாங்கள் வளர்த்த செல்களை அது கொன்று தீர்த்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். ஆனால் அதன் மரபு எழுத்துகளைக் கணினியில் கொடுத்துத் தேடினால், தெரிந்த எந்த வைரஸோடும் ஒட்டவில்லை.

"ஒட்டலன்னா நீ படிச்சதுதான் தப்பு, ரோசலின்," என்றார். குளிர்பெட்டியில் இடமில்லையாம். சாயங்காலத்துக்குள் வைரஸ் குப்பிகளைக் கொதிக்க வைத்துக் கொட்டிவிட வேண்டுமாம். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

தொண்ணூற்றாறில் எழுத்தைப் படிப்பது கண்ணால்தான். எக்ஸ்ரே ஃபிலிமில் நான்கு வரிசையாகக் கறுப்புக் கோடுகள் விழும். இடமிருந்து ஏ, சி, ஜி, டி. கீழிருந்து மேலாக நான் சொல்லச் சொல்ல என் உதவியாளன் கார்த்திகேசு கணினியில் தட்டுவான். ஃபிலிமின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரி தெரியும். அதனால் இருட்டறையிலேயே வலது மேல்மூலையைக் கத்தரித்து அடையாளம் வைப்போம். எப்போதும் அது என் வேலை. இந்தக் கொசு வைரஸின் ஃபிலிம் எடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல் என்பதால் அவன் செய்திருந்தான்.

மத்தியானம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்குச் சாப்பிடப் போனோம். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே டாக்டரைத் திட்டித் தீர்த்தேன். யாழ்ப்பாணத்துக் குடும்பத்து அடக்கமான பிள்ளை கார்த்திகேசு, தன் இலையிலேயே கண்ணாக இருந்தான். கை கழுவி வந்து, கட்டிக் கொடுத்த கோப்பிப் பொட்டலத்தின் ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றை வெட்டக் கடைக்காரரிடம் கத்தரிக்கோல் வாங்கினான். இடது கையால் வெட்டினான்.

"கார்த்தி, நீ இடது கையா?"

திருடன் அகப்பட்டது போல் விழித்தான். "சின்னதுல அம்மா அடிச்சு மாத்திட்டாங்க. சாப்பிடுறது, எழுதுறது எல்லாம் வலதுதான். கத்தரிக்கோல் மட்டும், யாரும் பாக்கலன்னா, இதுக்கு வந்துரும்."

"இருட்டறையில யாரு பாக்குறா?"

அவன் முகம் வெளிறியது. எனக்கோ துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. கத்தரிக்கோல் இடது கைக்கு வந்ததால் அவன் வெட்டியது இடது மூலை. நான் வழக்கம் போல வெட்டுப்பட்ட மூலையை வலது பக்கம் வைத்து, ஃபிலிமைப் புரட்டியே படித்திருக்கிறேன். டி இருந்த இடத்தில் ஏ, ஜி இருந்த இடத்தில் சி. எல்லாமே தலைமாறாட்டம்.

திரும்பப் படிக்கவே தேவையில்லை. நான்கு எழுத்துகளையும் ஜோடி ஜோடியாக இடம் மாற்றச் சொல்லிக் கணினிக்குக் கட்டளை கொடுத்து மறுபடி தேடினோம். இந்தத் தடவை ஒட்டியது. டிங்கி, அதாவது டெங்கு வைரஸின் குடும்பம், ஆனால் டிங்கி இல்லை. வம்சமரம் வரையச் சொன்னோம். பிரிண்டர் கிறீச் கிறீச்சென்று ஒவ்வொரு வரியாகத் துப்பியது. டிங்கியின் நான்கு வகைகளும் ஒரு பக்கம் கூட்டமாக நிற்க, அவை பிரிவதற்கு வெகுகாலம் முன்பே விலகிப்போன கிளை ஒன்று தனியாக நீண்டது. அதன் நுனியில் பெயர் இல்லை. இத்தனை காலமாக நம் சேற்றுக்குள்ளேயே யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது.

டாக்டர் தாளை இரண்டு முறை பார்த்தார். அப்புறம்தான் அவருக்குப் பயம் வந்தது. "குப்பிகளைக் கொதிக்க வச்சிட்டியா?"

"நான் என்னைக்கு டாக்டர் சொன்ன பேச்சக் கேட்டேன்?"

அவர் சிரித்துவிட்டார். பேனாவைக் கார்த்திகேசுவிடம் நீட்டி, கிளையின் நுனியில் கொசு பிடித்த ஊரின் பெயரையே வைரஸுக்குப் பெயராக எழுதச் சொன்னார். பழக்கத்தில் வலது கைதான் நீண்டது. நான் பேனாவை எடுத்து அவன் இடது கையில் வைத்தேன்.

எல்லார் முன்னாலும் எழுதினான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கோணல் எழுத்து. அதை அப்படியே சுவரில் ஒட்டினேன்.