உலகின் மிக வேகமான பத்தடி

1

மற்றவர்களின் கதைகள் மண்ணின் வாசனையிலோ மனசாட்சியின் குத்தலிலோ பிறப்பதாக முன்னுரைகளில் படித்திருக்கிறேன். இந்தக் கதை ஒரு போட்டோகொப்பி மெஷினில் பிறந்தது. கினிகத்தேனை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு கொமியூனிகேஷன் கடை. போட்டிக்கு அனுப்ப வேண்டிய என் சிறுகதையைப் பிரதி எடுக்கக் கொடுத்திருந்தேன். கவுண்டரில் நின்ற பெண் ஒவ்வொரு தாளையும் கண்ணாடியில் கவிழ்ப்பதற்குள் வாசித்து முடித்துவிட்டாள்.

"உங்க கதையில தோட்டத்து லயத்து ஆளுங்க சிரிக்கவே மாட்டாங்களா, சேர்?"

நான் சுரண்டலைப் பற்றி ஏதோ சொன்னேன்.

"சுரண்டல் இருக்கட்டுங்க. எங்க லயத்துல நாலு பேர் கூடுனா சிரிப்புத்தான். அழுகையெல்லாம் தனியா இருக்கயில பாத்துக்குவோம்."

பெயர் சண்முகவடிவு. பேராதனையில் கணினி படித்த பட்டதாரி. பட்டதாரி ஏன் அடையாள அட்டைக்கு லெமினேட்டிங் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று கேட்டேன். அன்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு தேவையில்லாத தாள்களையெல்லாம் பிரதி எடுக்கக் கொண்டுபோனேன். ஒரு மழை நாளில் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "எங்க அப்பா காதுக்கு மட்டும் போயிறக் கூடாது" என்றாள்.

கருவாட்டைப் பூனையிடம் காவலுக்குக் கொடுத்தாள்.

2

முதல் தொடக்கம்: ‘பனிமூட்டம் மலைமுகட்டைத் தழுவிக் கிடந்த அந்த அதிகாலையில்—’

வேண்டாம். மலையகக் கதை என்றால் முதலில் பனியை எழுப்பிவிட்டுத்தான் ஆட்களை எழுப்ப வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் தொடக்கம்: ‘ஈதர்நெட் எனப்படுவது கணினிகளை ஒன்றோடொன்று பிணைக்கும்—’

இதுவும் வேண்டாம். வாசகர் பக்கம் புரட்டும் சத்தம் கேட்கிறது.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். 2003ஆம் ஆண்டு. டிக்கோயாவுக்குப் போகும் வீதியில் ‘மலைச்சுடர் தகவல் தொழில்நுட்ப நிலையம்’ என்று ஒரு கட்டடம் எழும்பியது. பணிப்பாளர் மகாலிங்கம் யாழ்ப்பாணத்தவர், கொழும்பில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர். அவருக்கு ‘அதிவேகம்’ என்ற சொல்லின் மேல் தனிக் காதல். வெளிநாட்டுத் தர்மஸ்தாபனம் ஒன்று கொடுத்த சேர்வருக்குள் ஒரு கிகாபிட் ஈதர்நெட் அட்டை இருந்தது. அதிலிருந்து புறப்படும் கண்ணாடி நூல் கேபிள், சுவரைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகும். தூரம் பத்தடி. அந்தப் பத்தடியில் தரவு மின்னலாகப் பாயும். நிலையத்தை வெளி உலகத்தோடு இணைத்ததோ ஒரே ஒரு டெலிபோன் கம்பி. மழை பெய்தால் அது படுத்துவிடும். டிக்கோயாவில் மழை பெய்யாத நாளை நீங்களே சொல்லுங்கள்.

வடிவு அங்கே தற்காலிகமாக வேலை பார்த்தாள். சேர்வரில் இருந்தது யுனிக்ஸ் வம்சத்தில் வந்த பிரீபிஎஸ்டி. வம்சம் பெரியது என்றாலும் புது அட்டையை அதற்கு அடையாளம் தெரியவில்லை. அட்டை உள்ளே இருக்கிறது. மின்சாரம் குடிக்கிறது. சூடாகிறது. இருந்தும் இயந்திரம் அதன் பெயரைச் சொல்ல மறுக்கிறது. அட்டையை இயக்குவதற்கென்று எழுதப்பட்ட டிரைவர் என்னும் சிறு நிரலைக் கர்னலுக்குள் ஏற்றி, தொடக்கக் கோப்பில் ‘இதை ஏற்றுக்கொள்: யெஸ்’ என்ற அர்த்தத்தில் ஒரு வரி எழுதினால்தான் அது பதிவுக்கு வரும். தலைமுறை தலைமுறையாக இங்கேயே உழைத்தும் குடியுரிமைப் பதிவுக்கு வராதவர்களின் பேத்திக்கு இதை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆனால் விளங்குவது வேறு, ஓடவைப்பது வேறு. டிரைவரின் மூலநிரல் பழைய பதிப்புக்கு எழுதப்பட்டது, புதியதில் ஏற மறுத்தது. பிழையைத் திருத்தி ஏற்றினால், அட்டையும் மறுமுனைச் சுவிட்சும் எந்த வேகத்தில் பேசுவது என்று ஒத்துப்போகாமல், சம்பந்தி வீட்டார் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டன. வடிவு கையேட்டைப் படித்தாள், மாற்றினாள், மறுபடி படித்தாள். ஒரு பிற்பகலில் பச்சை விளக்கு எரிந்தது. அடுத்த அறைக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். அங்கேயும் பச்சை.

அன்று வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம்தான் முதலில் சொன்னாள்.

"பச்ச லைட்டு எரிஞ்சிருச்சுப்பா!"

"ஹட்டன் ஸ்டேசன்ல கைகாட்டி எறங்குன மாதிரியா?"

"அதே மாதிரிதாம்ப்பா."

"அப்படீன்னா இனி ரயிலு நிக்காது, ஆத்தா."

[இந்த வரியைச் செல்லசாமி உண்மையிலேயே சொன்னாராம். நானாக இருந்தால் கொஞ்சம் குறைத்திருப்பேன்.]

3

செல்லசாமியை அறிமுகப்படுத்த வேண்டும். வடிவின் அப்பா. பொகவந்தலாவைப் பக்கம் மொட்டப்பாறைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசாரி. (அப்படி ஒரு தோட்டத்தைத் தேடாதீர்கள். நான் வைத்த பெயர்.) ஆயுத பூசை அன்று தேயிலை ஃபெக்டரிக்குள் அவர்தான் ராஜா. கொழுந்து அரைக்கும் ரோலர், லொறி, துரையின் ஜீப் என்று எல்லாவற்றுக்கும் அவர் கையால் சந்தனம். அதில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு.

"நெத்தியில வச்சா பாக்குறவனுக்கு அழகு. கண்ணுல வச்சாத்தான் மெஷினுக்குத் தெரியும்."

லொறிக்கு விளக்குகள் கண். ரோலருக்கு எண்ணெய் ஊற்றும் துளை கண். கண் இல்லாத மெஷினை அவர் இதுவரை கண்டதில்லை.

திறப்பு விழாவுக்கு அவர் பூசாரியாக வரவில்லை, தகப்பனாக வந்தார். மகளின் வேலையை நிரந்தரமாக்குவதாக அன்று மேடையிலேயே பிரதியமைச்சர் அறிவிக்கப்போகிறார் என்று பேச்சு. சலவை வேட்டியோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

நாடா வெட்டுவது பழைய நாகரிகம் என்று விழாக்குழு முடிவு செய்திருந்தது. பதிலாகப் பிரதியமைச்சர் தம் திருக்கரத்தால் கேபிளைச் சொருகி அதிவேகத்தை ஆரம்பித்துவைப்பார். படம் எடுப்பதற்கு வசதியாகச் சேர்வரைத் திருப்பி வைத்தார்கள். மக்களுக்கு முதுகைக் காட்டுவதை அந்த மேடையில் ஒளிக்காமல் செய்தது அது ஒன்றுதான்.

அட்டையின் இரண்டு துளைகளிலும் தூசி போகாமல் கறுப்பு ரப்பர் மூடி இருந்தது. மகாலிங்கம் பார்த்தார்.

"என்ன பிள்ளை இது, மூக்கில பஞ்சு வைச்ச மாதிரி? படத்திலயும் அப்பிடித்தான் விழும். கழட்டும்."

"தூசி போயிருங்க, சேர்."

"கொஞ்ச நேரத்துக்குள்ள என்ன பெரிய தூசி வரப்போகுது?"

கழற்றினாள்.

அப்போதுதான் செய்தி வந்தது. கினிகத்தேனைக்குக் கீழே மண்சரிவு, பூசைக்கு வரவேண்டிய குருக்கள் வான் வண்டிக்குள் மாட்டிக்கொண்டார். சுபநேரம் தப்பினால் பிரதியமைச்சர் எதையும் தொடமாட்டார். மகாலிங்கத்துக்கு வியர்த்தது.

"இஞ்ச பூசை செய்யத் தெரிஞ்ச ஆர் நிக்கினம்?"

கூட்டத்தில் ஒரு குரல்: "நம்ம செல்லசாமிப் பூசாரி இருக்காருங்களே! வடிவோட அப்பாதாங்க."

மகாலிங்கம் வேட்டியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். மணிக்கூடு வென்றது. குருக்களுக்காக வாங்கிய பொன்னாடை செல்லசாமியின் தோளில் ஏறியது.

4

இந்தப் பகுதியை எழுதக் கை வரவில்லை. ஆகவே வேகமாக எழுதுகிறேன்.

செல்லசாமி கற்பூரம் காட்டினார். மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மகள் மாதக்கணக்காகப் பாடுபட்ட மெஷின். இரண்டு துளைகள் பக்கத்தில் பக்கத்தில், அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. சந்தனத்தை விரலில் வழித்து, பதமாக, ஒரு கண்ணுக்கு ஒன்றாக வைத்தார். மேளம் முழங்கியது. வடிவு அந்த நேரம் திரைப்பக்கம் நின்று பிரதியமைச்சரின் பெயரைப் பெரிய எழுத்தில் தட்டிக்கொண்டிருந்தாள்.

பிரதியமைச்சர் கேபிளைச் சொருகினார். கைதட்டல். படம்.

பச்சை எரியவில்லை.

திரையில் ‘நோ கேரியர்’ என்று வந்தது. மறுமுனையிலிருந்து ஒளியே வரவில்லை என்று பொருள். வடிவு இணைப்பை இறக்கி ஏற்றினாள். டிரைவரைக் கழற்றி மறுபடி ஏற்றினாள். வேகத்தைத் தானாகப் பேசித் தீர்மானிக்காதே, இதுதான் என்று கட்டளையிட்டாள். நோ கேரியர். கூட்டம் மெல்லப் பேச ஆரம்பித்தது.

கடைசியில் பின்பக்கம் போய்க் கேபிளை உருவினாள். அதன் நுனி மஞ்சளாக இருந்தது. முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, பிறந்ததிலிருந்து அவளுக்குப் பழகிய வாசனை.

கேபிளின் நுனியைக் கைக்குட்டையால் மறைத்துத் துடைத்தாள். பயனில்லை, சொருகியபோதே துளைக்குள் ஆழத்தில் அப்பிவிட்டது. மயிரிழையைவிட மெல்லிய ஒளிப்பாதை. அட்டையைக் கழற்றாமல் அதைச் சுத்தம் செய்ய வழியில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும்: ‘உள்ளே சந்தனம்.’ நிமிர்ந்தாள். மேடை ஓரத்தில் அப்பா, தட்டைப் பிடித்தபடி, தோளில் பொன்னாடையோடு. பெரிய மனிதர்களுக்கு நடுவே அவர் அப்படி நின்று அவள் பார்த்ததில்லை. அவளைப் பார்த்துச் சிரித்தார்.

கேபிளைத் திரும்பச் சொருகினாள்.

"என்ன பிள்ளை, முந்தாநாளும் ஓடினது எண்டு சொன்னனீர்?"

"டிரைவர நான்தான் சரியா போடல, சேர். என் தப்புத்தான்."

[இங்கே பிரதியமைச்சரின் ஜீப் டிரைவர் திடுக்கிட்டுத் திரும்பினார் என்று எழுதியிருந்தேன். மலிவான சிரிப்பு. அடித்துவிட்டேன். அவர் திரும்பியது என்னவோ உண்மை.]

பிரதியமைச்சர் தொழில்நுட்பத்தின் எதிர்காலம் பற்றிப் பேசினார். வடிவின் எதிர்காலம் பற்றிய அறிவிப்பு அந்தப் பேச்சில் இல்லை.

5

கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். பழைய அட்டையைத் துளைக்குள் பாராமலே கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போட்டார். வடிவு எழுதிவைத்த வரி அப்படியே இருந்தது. பச்சை எரிந்தது. அவருக்கு அந்த வேலை கிடைத்தது.

தோட்டத்தில் செல்லசாமியின் மதிப்பு ஏறிப்போயிற்று. பொன்னாடையைக் கோயிலிலேயே மடித்து வைத்திருக்கிறார். கேட்பவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "நான் கண்ணத் தொறந்து விட்டுட்டேன். அந்தப் புள்ளைக்குத்தான் ஓட்டத் தெரியல."

கொமியூனிகேஷன் கடை முதலாளி புது போட்டோகொப்பி மெஷின் வாங்கியபோது, ராசியான கை என்று அவரையே கூப்பிட்டார். வடிவு முன்கூட்டியே கண்ணாடியின் மேல் ஒரு தாளை விரித்து வைத்தாள்.

"பொட்ட மூடி மேல வைங்கப்பா. கண்ணாடியில வேணாம்."

"எனக்கே சொல்லித் தாறியா? நீ மெஷின் ஓட்டுன லட்சணந்தான் ஊருக்கே தெரியுமே."

முதலாளி சிரித்தார். வடிவும் சிரித்தாள். நாலு பேர் கூடினால் சிரிப்புத்தான் என்று அவள் என்னிடம் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

6

இந்தப் பகுதியில் மூன்று முடிவுகள் இருந்தன.

முதலாவதில் உண்மை வெளிப்பட்டு, மகாலிங்கம் கடைக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். அவர் வாயில் அந்தச் சொல்லை வைக்க எவ்வளவோ முயன்றேன். என் கற்பனைக்கும் ஓர் எல்லை இருக்கிறது.

இரண்டாவதில் செல்லசாமி எதுவும் அறியாமல் நிம்மதியாகக் கண்மூடினார். மனிதர் திடமாக இருக்கிறார். என் கதை முடியவில்லை என்பதற்காக அவரைச் சாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

மூன்றாவதில் அவருக்குத் தெரிந்துவிட்டது. குடையைக்கூட மடக்காமல் கவுண்டர் முன்னால் வந்து நின்று, "ஏன் ஆத்தா, அன்னிக்கே எங்கிட்ட—"

அதற்கு மேல் எழுதவில்லை.

7

எழுதியவரை வடிவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நின்றபடியே வாசித்தாள்.

"பேரெல்லாம் மாத்தியிருக்கிறேன்" என்றேன்.

"பேர மாத்தி என்னங்க? சேர்வர் கண்ணுல பொட்டு வச்ச பூசாரி இலங்கையில எத்தன பேரு இருக்காங்க?"

கிழித்துவிடவா என்று கேட்டேன். தாள்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் கவிழ்த்து ஒரு பிரதி எடுத்தாள். மேசை லாச்சிக்குள் வைத்தாள். பூட்டவில்லை. ரகசியத்தைக் காப்பாற்ற நினைக்கிற ஒருத்தி எழுதுகிறவனிடமா அதைச் சொல்வாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் என்னிடமிருந்து எதிர்பார்த்தது மௌனமா, தபாலா? இன்றுவரை தெரியவில்லை. கேட்டிருக்கலாம். கேட்காமல் அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

ஒரு விஷயம். பொகவந்தலாவை பஜாரில் ஒரு சலூன் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக் கதைகளை அங்கே யாராவது உரக்க வாசிப்பார்கள், மற்றவர்கள் சவரம் செய்துகொண்டே கேட்பார்கள். அங்கே இருந்து வாசிக்கிறவர் நீங்களானால், நெற்றியில் சந்தனம் வைத்த ஒரு பெரியவர் நாற்காலியில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் நான்காம் பகுதியை விட்டுவிட்டு வாசியுங்கள்.

இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும். இப்போது நீங்கள் அதை வாசித்து முடித்திருப்பீர்கள். சலூனில் சத்தம் நின்றிருக்கும். பெரியவர் அரைச் சவரத்தோடு எழுந்திருப்பார். அவருக்கு என்ன சொல்வது என்று என்னைக் கேட்காதீர்கள், நான் அங்கே இல்லை. அவராக எதையும் கேட்காமல் போனால் போகட்டும்.

கினிகத்தேனைக்கு பஸ் எப்போது என்று கேட்டால் மட்டும் சொல்லுங்கள். ஹட்டனில் இறங்கி மாற வேண்டும். இருட்டும் வரை கடை திறந்திருக்கும்.