பிலாருக்குச் சளி

2004-இல் கோவில்பட்டி லிங்கராஜ் அண்ணாச்சியின் தீப்பெட்டி ஆபீசில் இங்கிலீஷ் கடிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ராதாமணி. ஸ்பெயினிலிருந்து பிலார் என்ற பெண் சரக்குப் பார்க்க வருகிறாள் என்றதும், மதுரைக்குப் போய் ஒரு ஸ்பானிஷ்–இங்கிலீஷ் அகராதி வாங்கிவந்தாள். வணக்கம், தண்ணீர், சாப்பாடு என்று தினமும் பேசுகிற சொற்களாகப் பார்த்து மனப்பாடம் செய்தாள்.

பிலார் அண்ணாச்சி வீட்டு மாடியில் தங்கினாள். அவளுக்கு இங்கிலீஷ் அரைகுறைதான். வந்த அன்று சாயங்காலம் இட்லியைத் தொடாமல், சோர்ந்த முகத்தோடு, “கொன்ஸ்திபாதா” என்றாள்.

“என்னட்டி சொல்லுதாவ?” என்று அண்ணாச்சியின் மனைவி ஜானகியம்மாள் கேட்டாள்.

ராதாமணி அகராதியைத் திறக்கவே இல்லை. கான்ஸ்டிபேஷன் என்று இங்கிலீஷிலும் இருக்கிறதே.

“வெளிக்குப் போகலையாம்க்கா.”

ஜானகியம்மாள் வாழைப்பழத்தோடு விளக்கெண்ணெயும் கொண்டுவந்தாள். இந்த ஊர் வைத்தியம் போலிருக்கிறது என்று நம்பி, பிலார் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்து முடித்தாள்.

மறுநாள் காலையில் அவளால் குளியலறையை விட்டு வெளியே வர முடியவில்லை. பேக்டரிக்குப் போவது தள்ளிப்போயிற்று. மத்தியானம் இறங்கி வந்தவள் அடுக்கடுக்காகத் தும்மினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அதே சொல்லைச் சொன்னாள். ராதாமணிக்குச் சுருக்கென்றது. அகராதியைப் புரட்டினாள். சளி பிடித்திருக்கிறது என்று அர்த்தம் போட்டிருந்தது.

மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் பிலாரின் வெளுத்த முகத்தைப் பார்த்ததும் மனம் வரவில்லை. பிலார் சொன்ன ஸ்பானிஷ் சொல்லையும், அகராதியின் பின்பாதியில் இங்கிலீஷ் கான்ஸ்டிபேஷனுக்குப் போட்டிருந்த ஸ்பானிஷ் அர்த்தத்தையும் விரல் வைத்துக் காட்டி, தனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் மன்னிப்புக் கேட்டாள். பிலார் இரண்டையும் படித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் இருமல் வந்தும் நிறுத்தவில்லை.

விஷயம் தெரிந்ததும் ஜானகியம்மாள் பதறிப்போய்ச் சுக்குக் காப்பி போட்டுவந்தாள்.

“பாவம், ஒரு நாள் பூரா கஷ்டப்படுத்திட்டோமே. இதையாவது குடிக்கச் சொல்லுட்டி.”

பிலார் இரண்டு டம்ளர் குடித்தாள். தொண்டை தேறியதும் பேக்டரியைச் சுற்றிப் பார்த்து, ஆர்டரும் கொடுத்தாள். ஊருக்குப் போன பிறகு அவள் அனுப்பிய ஈமெயில்களின் அடியில் இங்கிலீஷ் மாதிரியே இருந்து அர்த்தம் மாறுகிற ஸ்பானிஷ் சொல் ஒன்று இருக்கும். ராதாமணி முதலில் அதைத்தான் படிப்பாள்.