இரண்டு கட்டத்துக்குள் ஒரு கோள்

"ஒரே ஒரு உருண்டைச் சொல்லை உருட்டி விடுறேன் பாருங்க அம்மணி. உங்க ஊட்டுக்காரர் வாயத் தொறக்கலைன்னா, மருதமலையத் தூக்கிட்டு வந்து காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல வெச்சுப்போடுறேன்!" என்றார் சென்னகிருஷ்ணன்.

உம்மல் குல்சும் டீ தம்ளரை ணங்கென்று வைத்தாள். "மலை அங்கியே இருக்கட்டுங்ணா. ரம்ஜானுக்கு முன்னால இருந்து டாக்டருங்களாலயே ஆகல. உங்க வாயால ஆகிப்போகுமாக்கும்!"

கணபதிப் பகுதியில் பேரிங் கடை வைத்திருந்த அவள் கணவர் கரீம், பக்கவாதம் வந்ததிலிருந்து ஒரு சொல் பேசவில்லை. கண்கள் மட்டும் எல்லாம் புரிந்து சுழன்றன. பம்ப் கம்பெனியில் ஓய்வு பெற்ற அவர் நண்பர் சென்னகிருஷ்ணனுக்கு அந்த மௌனம் தொண்டையில் முள்ளாய்ச் சிக்கியிருந்தது. இனி யாரோடு சண்டை போடுவது? ஞாயிற்றுக்கிழமைக் குறுக்கெழுத்துக்காக இருவரும் போட்ட சத்தத்தில் சத்தி ரோட்டு லாரிகளே ஒதுங்கிப் போனதுண்டு. பேனாவால்தான் எழுத வேண்டும் என்பது கரீமின் சட்டம். தப்பான விடை மையில் விழுந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

இந்த வாரப் புதிர் முழுக்க உருண்டைகள். சென்னகிருஷ்ணன் கட்டிலோரம் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"யானைக்கு ஊட்டும் உருண்டை, நாலெழுத்து. தேங்காய்!" என்று எழுதினார்.

கவளம் என்று சென்னகிருஷ்ணனுக்குத் தெரியாதா! கரீமின் புருவம் துடித்தது.

"சிலம்புக்குள் குலுங்கும், மூணெழுத்து. கடுகு! தாளிச்சுக் கொட்டியிருப்பாங்களாட்ட இருக்குது."

பரல் என்ற சொல் கரீமின் தொண்டைக்குள் ஏறி இறங்குவது வெளியே தெரிந்தது. குல்சும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"வானத்தில் சுற்றும், வீட்டுக்குள் மூட்டும். ரெண்டெழுத்து." சென்னகிருஷ்ணன் வேண்டுமென்றே நிதானமாக எழுதினார். "பூரி! அடுப்ப மூட்டுனாத்தானுங்களே பூரி?"

கரீமின் முகம் செக்கச் சிவந்தது. இடது கை எழுந்து தாளை அறைந்தது. உதடு கோணி, நடுங்கி, வளைந்தது.

"கோ... கோ... கோள்!"

மின்விசிறிகூட ஒரு சுற்றை மறந்து நின்றதென்று சென்னகிருஷ்ணன் சத்தியம் செய்வார். எவ்வளவு சின்னச் சொல்! செவ்வாயும் சனியும் அதற்குள் சுழல்கின்றன. மாமியாரிடம் மருமகளைப் பற்றி மூட்டுவதும் அதற்குள்தான். அத்தனை பெரிய உருண்டை, இத்தனை நாள் பூட்டியிருந்த ஒரு வாயிலிருந்து உருண்டு வந்துவிட்டது.

"பூரி... இல்ல," என்றார் கரீம், மூச்சிரைக்க. "மடையா."

"திட்டுடா கரீமு! இன்னும் திட்டு!" சென்னகிருஷ்ணனின் கண்ணாடி நனைந்துவிட்டது. திருப்பூரிலிருந்த கரீமின் மகள் ரிஃபானாவை அப்போதே போனில் கூப்பிட்டு, உலகமே கேட்கும்படி கத்தினார்.

அவள் நம்பவில்லை. "அத்தா பேசுனாராக்கும்! மாமா, வழக்கம்போல அளந்து விடுறீங்க. அம்மாகிட்டக் குடுங்க."

குல்சும் போனை வாங்கினாள்.

"அவரு அளக்கறவருதான் கண்ணு, நானும் நம்பல," என்றாள். "ஆனா இது நெசம். உங்க அத்தா பேசிட்டாரு. என் காதால கேட்டேன்."