யாரும் உட்காராத பெஞ்சு

மாமனாருக்கு மூக்கு வேலை செய்யாது. பெயின்ட் கம்பெனியில் தின்னரை மோந்து மோந்தே வயதைக் கழித்தவர். கேஸ் கசிந்தாலும் தெரியாது, பால் திரிந்தாலும் தெரியாது. வீட்டில் அதை ஒரு வேடிக்கையாகத்தான் வைத்திருந்தார்கள். “அப்பாவை மீன் வாங்க அனுப்பாதீங்க, கடையிலேயே அழுகினதாப் பார்த்து எடுத்துட்டு வருவார்” என்று அவருடைய ஒரே மகள் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த மகள் இறந்துபோனாள். அவள் பெயரில் பூங்காவில் ஒரு பெஞ்சு போட இடம் தேடிப் போனவரும் இதே மாமனார்தான். தனியாகப் போனார்.

“அருமையான இடம் மாப்பிள்ளை,” என்றார் போனில். “ஊரே ஹாரன் அடிச்சுச் சாகுது. உள்ள போனா ஒரு சத்தம் கிடையாது. குளக்கரை, பெரிய மரம், நல்ல நிழல். நானும் எத்தனையோ மத்தியானம் போய்ப் பார்த்துட்டேன், அங்க மட்டும் ஒரு ஆள் உக்காரலை. நம்ம பொண்ணுக்குன்னே விட்டு வச்ச மாதிரி இருக்கு. பேர்த் தகடும் அடிச்சாச்சு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உங்க அத்தையைக் கூட்டிட்டு வரேன். வரேன்னு தலையாட்டிட்டா மாப்பிள்ளை!”

அதுதான் பெரிய சேதி. மகள் போன நாளிலிருந்து மாமியார் அறையை விட்டு வெளியே வரவில்லை. வாயும் திறக்கவில்லை. யார் என்ன கேட்டாலும் சுவரைப் பார்ப்பாள். எதற்காவது அசைந்து கொடுக்கிறாள் என்றால் அது இந்தப் பெஞ்சுக்குத்தான். இதுவும் கசந்துவிட்டால் மறுபடி அந்த அறைக் கதவு எப்போது திறக்குமோ.

“சரி மாமா,” என்றான் அவன். இப்போதெல்லாம் எல்லாவற்றுக்கும் சரிதான்.

பல் கட்டும் லேபில் அவனுக்கு வேலை. கண்டவர் வாயிலிருந்தெல்லாம் எடுத்த அச்சுகள் வரும். சிலவற்றில் ரத்தம் இருக்கும், சிலவற்றில் தின்ற மிச்சம். முன்பு முகத்தைச் சுளித்துக்கொண்டு கையுறை தேடியவன், இப்போது வெறும் விரலால் வழித்துவிட்டுப் பிளாஸ்டர் ஊற்றுகிறான். வீட்டில் தொட்டி நிறையப் பாத்திரங்கள் பூசணம் பூத்துக் கிடக்கின்றன. மனைவி இருந்திருந்தால் வீட்டோடு கொளுத்தியிருப்பாள். தியேட்டர் நாற்காலியில் துண்டு விரித்து உட்காருகிறவள் அவள். லிஃப்ட் பொத்தானை முழங்கையால் அமுக்குகிறவள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் கொஞ்சம் முன்னாலேயே போனான். பஸ்ஸும் லாரியும் முட்டிக்கொள்ளும் சாலையிலிருந்து கேட்டுக்குள் நுழைந்ததும் காது அடைத்ததுபோல் ஓர் அமைதி. மாமா சொன்னது சரிதான் என்று நினைத்தான். குளக்கரை திரும்பியதும் அந்த நாற்றம் வந்து முகத்தில் அறைந்தது.

மரம் முழுக்கக் கொக்குக் கூடுகள். கீழே தரை சுண்ணாம்பு கொட்டியதுபோல் வெளுத்திருந்தது. அதன்மேல் பச்சையும் மஞ்சளுமாகப் புது எச்சம். பாதி செரித்த மீன்கள். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு ஒன்று வயிறு வெடித்துக் கிடக்க, அதன் கண்ணில் எறும்பு. நடுவில் பெஞ்சு. தகட்டில் அவள் பெயர் பாதிதான் தெரிந்தது. மீதியின்மேல் எச்சம் வழிந்து காய்ந்திருந்தது.

“சார்! அங்க நிக்காதீங்க!”

காவலாளி வந்தார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை, ஆனால் குடை பிடித்திருந்தார்.

“இந்த இடத்தை யாருங்க குடுத்தது?”

“பெரியவர் ஒருத்தர் தானா கேட்டு வாங்கினார் சார். யாருமே கேக்காத இடம். ஆபீஸ்ல உடனே குடுத்துட்டாங்க.”

“நீங்களாவது சொல்லியிருக்கலாமே?”

“சொல்லாம? பெரியவரே, இங்க நாறும்னேன். எனக்கு ஒண்ணும் அடிக்கலையேன்னார். அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?”

“மத்தியானம் வந்திருக்காரே, மேல பார்க்கலையா?”

“மத்தியானம் எல்லாம் தீனிக்குப் போயிடும் சார். தரை வெள்ளையைச் சுண்ணாம்புன்னு நினைச்சிட்டார். இப்பத்தான் திரும்புற நேரம்.”

அவன் போனை எடுத்தான். “மாமா, இன்னிக்கு வேணாமே...”

“கிளம்பியாச்சு மாப்பிள்ளை. அத்தை செருப்புப் போட்டுக்கிட்டா. செருப்புப் போட்டுக்கிட்டாய்யா!”

அவன் போனைப் பையில் போட்டான்.

காவலாளியிடம் வாளியும் துடைப்பமும் வாங்கிக் குளத்து நீரை அள்ளி அள்ளி ஊற்றினான். எச்சம் சிமென்ட்டாக இறுகியிருந்தது. சட்டைப்பையிலிருந்த லேப் கத்தியால், மெழுகு செதுக்குகிற கத்தி அது, அவள் பெயரை எழுத்து எழுத்தாகச் சுரண்டினான். ஈரம் பட்டதும் நாற்றம் இரண்டு பங்கானது. பின்கழுத்தில் சூடாக ஏதோ விழுந்து முதுகுக்குள் இறங்கியது. தொட்டுப் பார்த்தான். மீன், முள்ளும் கொழகொழப்புமாக. வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். ரத்த அச்சுகளை வெறும் கையால் வழிக்கிறவன், கண்ணில் நீர் முட்ட, “சீ, சீ” என்று சொல்லிக்கொண்டே நின்றான்.

“எப்படி இருக்கு மாப்பிள்ளை? நிம்மதியா இல்ல?”

மாமனார் முகம் மலர வந்துகொண்டிருந்தார். பின்னால் மாமியார், பாதையின் திருப்பத்திலேயே நின்றுவிட்டாள். மூக்கு மெல்லச் சுருங்கியது. அவள் மரத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், பெஞ்சைப் பார்த்தாள். அவன் சுரண்டிய இடத்தில், அவள் கண்ணெதிரே, புதிதாக ஒன்று சொத்தென்று விழுந்தது.

“ஏங்க,” என்றாள். துருப்பிடித்த தாழ்ப்பாளைத் திறந்ததுபோல் இருந்தது குரல். “இது என்ன கண்றாவி?”

“பெஞ்சும்மா... நம்ம பொண்ணு பேர்ல...”

“ஆஸ்பத்திரியில கடைசி நாள்கூடத் தலகாணி உறையை மாத்தச் சொன்னாளே என் பொண்ணு! அவ பேரைக் கொண்டாந்து பீயில ஒட்டி வச்சிருக்கீங்களே, நீங்கள்லாம் மனுஷனா? மூக்குதான் இல்ல, கண்ணுமா அவிஞ்சு போச்சு? சீ! சீ! வயித்தைப் புரட்டுது!”

மாமனார், இன்னும் கொஞ்சம் திட்ட மாட்டாளா என்பதுபோல் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“மாப்பிள்ளை, அதைக் கழட்டுங்க,” என்றாள் மாமியார் தகட்டைக் காட்டி.

காவலாளி குறுக்கே வந்தார். “அம்மா, அது பார்க் சொத்து. ஆபீஸ்ல கேட்டுட்டுத்தான்...”

“கேளு, போய்க் கேளு. இவர் கழட்டி முடிக்கிற வரைக்கும் குடையை அவர் தலைக்கு மேல பிடிச்சுட்டு அப்புறமாப் போய்க் கேளு.”

காவலாளி பிடித்தார். குடைமேல் பொத் பொத்தென்று விழுந்துகொண்டிருக்க, கத்தி முனையால் திருகாணிகளைக் கழற்றினான். கடைசித் திருகாணி வழுக்கி விரலைக் கிழித்தது. தகட்டைக் குழாயடியில் கழுவி மாமியாரிடம் கொடுத்தான். போதாது என்று இன்னொரு தடவை கழுவச் சொன்னாள். கழுவினான்.

டாக்சியில் ஏறியதும் ஓட்டுநர் எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டார். தகடு மாமியார் மடியில். அவள் அவன் பக்கம் திரும்பி முகர்ந்தாள்.

“இது கொக்கு நாத்தம் மட்டும் இல்ல. இந்தச் சட்டையைத் துவைச்சு எத்தனை நாளாச்சு?”

அவனுக்குத் தெரியவில்லை.

“வீட்டுல சோப்பு இருக்கா?”

அதுவும் தெரியவில்லை.

“வண்டியை இவர் வீட்டுக்கு விடச் சொல்லுங்க,” என்றாள் முன்சீட்டைப் பார்த்து. “இவ்வளவு நாளா வந்து போறாரே, ஒரு வார்த்தை சொன்னீங்களா நீங்க?”

மாமனார் திரும்பி, அவன் பக்கம் குனிந்து, மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தார்.

“எனக்கு ஒண்ணும் அடிக்கலையே,” என்றார்.