வலப்பக்கத்துப் பல்

1

மார்ச் மாதம் பதினொன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, சமையலறைச் சன்னலருகே நானும் என் தங்கையும் எங்கள் பூனையின் பற்களையும் ஈறுகளையும் பார்வையிட்டோம். பூனையின் பெயர் துரை, வயது பதினான்கு. பற்கள் நன்றாக இருப்பதாக இருவரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தோம். இக்கதையின் தோற்றுவாய் அத்தீர்ப்பே. அது தவறென்பதைக் கதையை எழுதத் தொடங்கிய பிறகே அறிந்தேன்.

(வாசகர் இப்போதே கவலைப்பட வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டிய இடம் ஐந்தாம் பகுதி.)

2

முதல் தொடக்கம்: "துரை கம்பீரமானவன், அவனுடைய மீசை..." அடித்துவிட்டேன். பூனையைப் புகழ்ந்து தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.

இரண்டாம் தொடக்கம்: "தங்கை நாற்காலியில் அமர்ந்து துரையை மடியில் இருத்திக்கொண்டாள். நான் கட்டைவிரலால் அவனது உதட்டை மெல்ல உயர்த்தினேன். ஈறு வெளிர்ச் சிவப்பு. கடைவாய்ப் பற்களில் மஞ்சள் படிவு இல்லை. இது இடப்பக்கம். வலப்பக்கத்தில்—"

இங்கே பேனா நின்றது. வலப்பக்கத்தில் என்ன? நினைவில் தேடினேன். மறந்ததாகத் தோன்றவில்லை, பார்த்ததாகவே தோன்றவில்லை.

காரணம் எங்கள் ஒழுங்கு. வாரந்தோறும் அதே நாற்காலி, அதே வெளிச்சம். தங்கை துரையின் வலக்கன்னத்தைத் தன் வயிற்றோடு அணைத்துப் பிடிப்பாள். நான் இடப்பக்க உதட்டை உயர்த்துவேன். அதற்குள் துரைக்குப் பொறுமை போய்விடும், நழுவி ஓடிவிடுவான். அதன்பின் அன்று எங்களுக்குப் பேட்டி கிடையாது. பார்த்த பாதியை முழுமையென்று கருதி நாங்களும் எழுந்துவிடுவோம்.

3

தங்கையைப் பாத்திரமாக்குவதில் ஒரு சிக்கல்: எழுத எழுத அவள் வாங்கிப் படிக்கிறாள்.

"அக்கா, நான் அமுக்கிப் பிடிச்சதாலதான் தெரியலைன்னு எழுதியிருக்கியா?"

"அணைத்துன்னுதான் எழுதியிருக்கேன்."

"எதுவோ ஒண்ணு. நீ நாற்காலியைச் சுத்தி இந்தப் பக்கம் வந்து பாக்கக் கூடாதா? கால்ல என்ன, ஆணியா அடிச்சிருக்கு?"

 நான் பேச்சை மாற்றினேன்.

"அவன் சாப்பாட்டை வாயிலேர்ந்து கீழ போடறானே, அதுக்கு நாக்கு நீளம்னு சொன்னது யாரு?"

"நான்தான். வயசாச்சுன்னா எதைப் போட்டாலும் மூஞ்சியச் சுளிப்பாங்கன்னு நினைச்சேன். உன்னை மாதிரி."

(கடைசி இரு சொற்களை நீக்கலாமா என்று யோசித்தேன். சொன்னது சொன்னதுதான்.)

4

எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்தேன். தங்கை துரையைத் திருப்பிப் பிடித்தாள். வலப்பக்க உதட்டை உயர்த்தினேன். ஈறுகளின் விளிம்பில் செக்கச்செவேலென்று ஒரு கோடு. கடைவாய்ப் பல்லின் அடியில், சிவந்த சதை ஏறி மூடிய சிறு குழி. நாற்றமும் இருந்தது. துரை கத்தவில்லை. தாடை மட்டும் நடுங்கியது.

[இவ்விடத்தில் உவமை ஒன்று எழுதி, அடித்துவிட்டேன்.]

வலியைச் சொல்லாத பாத்திரத்தை எவ்வாறு எழுதுவது? மனிதப் பாத்திரமென்றால் ஒரு பெருமூச்சேனும் விடும். துரையோ இத்தனை நாளும் தலையைச் சாய்த்து, இடப்பக்கமாகவே மென்றுகொண்டிருந்தான். அதை நாங்கள் அவனுடைய ஒயில் என்று ரசித்துக்கொண்டிருந்தோம்.

5

கால்நடை மருத்துவர் இளம்பெண்; சுற்றி வளைத்துப் பேசாதவர்.

"பல்லு அடியில அரிச்சுப் போச்சும்மா. எடுத்துடறதுதான் நல்லது. முழு மயக்கம் கொடுக்கணும்."

"எழுந்திரிக்கலைன்னா, டாக்டர்?" என்றாள் தங்கை.

"ரத்தம் பாத்தாச்சு, கிட்னி பரவால்ல. இந்த வயசுல ஆபத்தே இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அப்படியே விட்டா, ஒவ்வொரு வாய்க்கும் வலிக்கும்."

 வீட்டு வாசலில் தங்கை, துரை இருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டு, "கதையில அவன் பொழைச்சுக்கறான்ல?" என்று கேட்டாள்.

6

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் துரை கிண்ணத்தை நக்கித் துடைக்கிறான். மற்றொன்றில் கூடை காலியாக—

இரண்டையும் கிழித்தேன். நாளை நடக்கவிருப்பதை இன்றே நடந்ததாக எழுத என்னால் இயலாது. விரும்பும் வாசகர் எழுதிக்கொள்ளலாம். தங்கையிடம் காட்ட வேண்டாம்.

இன்று இருபதாம் நாள், வியாழக்கிழமை. முடிவு செய்யப்பட்டது வருமாறு: நாளைக் காலை துரையை மருத்துவரிடம் விடுகிறோம், பல் எடுக்கப்படும். கூடையைத் தங்கை தூக்குவாள். அவன் திரும்பி வந்தால், பார்வை இனி வலப்பக்கத்திலிருந்து தொடங்கும். நாற்காலியைச் சுற்றி வருபவள் நான்.